நாலாவது ஆணி

மார்ச் பதினாலாம் தேதி காலையில் பியானோ ட்யூனர் சர்வேயர் வீட்டுக்கு வந்தபோது அவர் கையில் கருவிப் பை இல்லை. இருபத்தாறு வருஷமாக அந்தப் பை இல்லாமல் அவரைத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. பை எங்கே என்று சர்வேயரின் மனைவி கேட்டதற்கு, "வேலை இருந்தாத்தானேங்க பை" என்று சொல்லிவிட்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அது உடைந்துவிடுமோ என்று பயப்படுகிறவர் மாதிரி பாதி எடையைத் தன் கால்களிலேயே தாங்கிக்கொண்டார். ஆள் நல்ல கனம், தொண்ணூறு கிலோவுக்குக் குறையாது.

சர்வேயர் என்பது பழைய உத்தியோகத்தின் பெயர். ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்காக முப்பத்திரண்டு வருஷம் எரிந்த கடைகளையும் சரிந்த சுவர்களையும் நசுங்கிய லாரிகளையும் பார்த்து, யார் சொல்வது உண்மை என்று அறிக்கை எழுதியவர். ஓய்வு பெற்ற பிறகும் பெயர் அவரை விடவில்லை. நம்ப முடியாத காரியம் எது நடந்தாலும் ஜனங்கள் அவரைத் தேடி வந்தார்கள். அவர் அதிகம் பேசமாட்டார். அந்தக் குறையைத் தீர்க்க அவருக்கு ஒரு மச்சினன் இருந்தார்.

மச்சினன் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். எதிரே வருகிற எல்லோரும் தப்பாகத்தான் ஓட்டுகிறார்கள் என்பது அவருடைய வாழ்க்கைத் தத்துவம். அத்தான் வீட்டுக்கு யாரோ கவலை முகத்தோடு வந்திருக்கிறார்கள் என்று அக்கா போனில் சொன்னால் போதும், வகுப்பை ரத்து செய்துவிட்டு எல் போர்டு மாட்டிய காரோடு வந்து நின்றுவிடுவார். அன்றும் அப்படித்தான் வந்து, ட்யூனருக்கு வைத்திருந்த டீயை எடுத்துக் குடித்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க," என்றார் சர்வேயர்.

"டீச்சரம்மா செத்ததுக்கு நான்தான் காரணம்ங்கறாங்க சார். நான் காரணமா இல்லையான்னு எனக்கே தெரியல. அதை நீங்கதான் பார்த்துச் சொல்லணும்."

டீச்சரம்மா யார் என்று அங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மாடி வீட்டில் ஒரு பழைய பியானோவை வைத்துக்கொண்டு ஐம்பது வருஷம் பாடம் சொல்லிக்கொடுத்தவர். எழுபத்தெட்டு வயது. பக்கத்துத் தெருக்களில் பாதிப் பேரின் விரல் முட்டிகள் அவருடைய மர ஸ்கேலை அறியும். போன ஒன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, ஸ்டூலிலிருந்து விழுந்து செத்துப்போனார்.

"எதுக்கு ஸ்டூல் மேல ஏறினாங்க, இந்த வயசுல?" என்றார் மச்சினன்.

"அது அவங்க வழக்கம்ங்க. பியானோவுக்கு மேல சுவத்துல நாலு ஆணி இருக்கும். எந்த மாசமோ அந்த மாசத்துல பொறந்த இசையமைப்பாளர் நாலு பேரோட படம் அதுல தொங்கும். மாசம் பூரா பசங்க அந்த நாலு பேர் எழுதினதைத்தான் வாசிக்கணும். ஒண்ணாந்தேதி காலைல அம்மாவே ஏறி பழசைக் கழட்டிட்டு புதுசை மாட்டுவாங்க. வேற ஒரு கை அதுல படக்கூடாது." ட்யூனரின் முகம் கொஞ்சம் இளகியது. "பிடிவாதம்னா அப்படி ஒரு பிடிவாதம். நகம் வெட்டாம வந்தா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க. எனக்கே கையைக் கழுவச் சொல்லி சோப்பு நீட்டுவாங்க. ஒரு தடவை ரேடியோவுல, 'இன்று மார்ச் ஒன்று, ஷோப்பான் பிறந்தநாள்'னு ஒரு பையன் சொல்லிட்டான். அம்மா நேரா ஸ்டேஷனுக்கே போன் போட்டு, 'மாதா கோயில் பதிவேட்டுல பிப்ரவரி இருபத்திரண்டுன்னு கிடக்கு, நீ யாருய்யா மாத்தறதுக்கு?'ன்னு பிடி பிடின்னு பிடிச்சுட்டாங்க. ஷோப்பான் வீட்டு ஆளுங்களே மார்ச் ஒண்ணுன்னுதான் சொல்லியிருக்காங்க மேடம்னு அவன் சொன்னான் போல. 'வீட்டு ஆளுங்க சொல்றதை நம்பாதே, எழுதி வச்சதை நம்பு'ன்னு சொல்லி டொக்குனு வச்சுட்டாங்க. வேலை முடிஞ்சா ஒரு டீ குடுத்து உக்கார வச்சுப் பேசுவாங்க சார். வேற எந்த வீட்லயும் அது கிடையாது."

சிரிக்க ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"ஸ்டூலுக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் சர்வேயர்.

"வெள்ளிக்கிழமை, இருபத்தேழாந்தேதி மத்தியானம் ட்யூன் பண்ணப் போயிருந்தேன். முடிச்சதும், 'இவ்வளவு உயரம் வளர்ந்து என்ன பிரயோஜனம், அந்த பல்பை மாத்திட்டுப் போ'ன்னாங்க. அந்த ஸ்டூல்லதான் ஏறினேன். அந்த நேரம் பார்த்து அவங்க மக சக்கரம் வச்ச பையை உருட்டிக்கிட்டு வந்தாங்க, என் கருவிப் பை வழியை மறிச்சுக்கிட்டு கிடந்துச்சு. இறங்கி நகத்தி வச்சுட்டு மறுபடியும் ஏறினேன். ரெண்டு தடவை ஏறி ரெண்டு தடவை இறங்கியிருக்கேன் சார், இந்த உடம்பை வச்சுக்கிட்டு."

"மரம் விரிசல் விட்ட சத்தம் கேட்டுதா?"

"கேக்கல. எனக்குச் சோறு போடறதே காதுதான் சார். கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். ஆனா இப்ப கண்ணை மூடினா அந்தச் சத்தம் கேக்குது. போன வாரம் ஒரு பள்ளிக்கூடத்துப் பியானோ. ஒரே ஒரு கம்பியைச் சுருதி சேர்க்க முடியாம ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்துட்டு எழுந்து வந்துட்டேன்." தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "அவங்க மகன் திங்கக்கிழமை வெளியூர்லேருந்து வந்தாரு. ஸ்டூல் கால் உடைஞ்சு கிடக்கறதைப் பார்த்து, கடைசியா யார் இதுல ஏறினதுன்னு அக்காவைக் கேட்டிருக்காரு. ட்யூனர்னு அவங்க சொல்லியிருக்காங்க. உடைச்சுட்டு சொல்லாமப் போயிட்டான்னு நான் வேலை பார்க்கற நாப்பத்தோரு வீட்டுக்கும் போன் பண்ணிச் சொல்லிட்டாரு. ஒரு வீட்லேருந்தும் இப்ப கூப்பிடறதில்ல. அது போகட்டும் சார். நான் உடைச்சேனா இல்லையா? அது ஒண்ணு தெரிஞ்சா போதும்."

"அத்தான், சந்தேகமே வேண்டாம்," என்றார் மச்சினன். "மகன்தான். இவ்வளவு வேகமா அடுத்தவன் மேல பழி போடறவன் கையில ஏதோ அழுக்கு இருக்கும்."

"அவர் வெளியூர்ல இருந்தாரு மாப்ள."

"அதான் அத்தான் இன்னும் சந்தேகம்!"

சர்வேயர் டீச்சரின் குடும்ப டாக்டருக்குப் போன் செய்தார். டாக்டருக்கும் வயது எழுபதைத் தாண்டியிருந்தது. ஞாயிறு சாயங்காலம் ஏழரைக்கு மகள் கூப்பிட்டார், போனேன், உயிர் இல்லை, உடம்பு சில்லென்று இருந்தது என்றார். இறந்து எத்தனை நேரம் இருக்கும் என்று சர்வேயர் கேட்டார். "காலைல பத்து மணிக்கு நல்லா இருந்தாங்கன்னு மக சொன்னா. அதை வச்சு எழுதினேன். பெத்த பொண்ணு சொல்றா, நான் என்ன கடிகாரம் வச்சா பார்க்கறது?" என்று டாக்டர் கோபித்துக்கொண்டார். சர்வேயர் நன்றி சொல்லி வைத்தார்.

எல் போர்டு கார் டீச்சர் வீட்டு வாசலில் நின்றது. ட்யூனர் இறங்கவில்லை. "என்னைப் பார்த்தா அவரு கத்துவாரு. நீங்க போயிட்டு வாங்க" என்று பின் சீட்டிலேயே சுருங்கிக்கொண்டார்.

மாடிக் கதவைத் திறந்தது மகன். நாற்பத்தெட்டு வயது, நன்றாகத் தேய்த்த சட்டை, தூங்காத கண். ட்யூனர் பேரைக் கேட்டதும் கதவைச் சாத்தப் பார்த்தார். "நான் முப்பத்திரண்டு வருஷம் உடைஞ்ச சாமானைப் பார்த்துத் தீர்ப்பு எழுதினவன். அவர் மேல தப்பிருந்தா என் கையாலேயே எழுதிக் குடுக்கறேன்" என்று சர்வேயர் சொன்னதும் முகம் மாறி, உள்ளே கூப்பிட்டார். தன் பக்கம் சாட்சி சேருகிறதென்றால் யாருக்குத்தான் கதவு திறக்காது?

மகள் பியானோ அறையின் கதவோரம் நின்றிருந்தார். தம்பியைவிட நாலு வயது மூத்தவர். கண் ஆஸ்பத்திரி ஒன்றில் நோயாளிகளுக்குச் சீட்டு எழுதும் வேலை. கல்யாண வாழ்க்கை முறிந்து, பதினோரு வருஷத்துக்கு முன்னால் அம்மா வீட்டுக்கே திரும்பி வந்தவர். வந்தவர்களை உட்காரச் சொன்னார். தான் மட்டும் உட்காரவில்லை.

ஸ்டூல் ஜன்னலுக்குக் கீழே சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. நாலு கால் மர ஸ்டூல். கால்கள் கீழே போகப் போக வெளிப்பக்கம் அகன்று நிற்கும் மாதிரி. ஒரு கால் மட்டும் ஒடிந்து தொங்கியது. சர்வேயர் தரையில் உட்கார்ந்து, அந்த ஒடிவை விரலால் தடவி, பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். பிறகு மற்ற மூன்று கால்களையும் ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார். எதுவும் அசையவில்லை.

"அன்னிக்குக் கிடந்த மாதிரியே வச்சிருக்கேன்," என்றார் மகன். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எங்கம்மா ஏறியிருப்பாளா சார்? நாப்பது வருஷமா ஏறினவ, ஒரு தடவை விழுந்ததில்ல."

மச்சினன் இதற்குள் சுவரருகே போய், படச் சட்டங்களின் அடியில் ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டுகளை, எதிரே வரும் வண்டிகளின் நம்பர் பிளேட்டைப் படிப்பது போல உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். "பாக். ராவெல். பார்டோக். ஷோப்பான். ஒருத்தர்கூட சிரிக்கல அத்தான். இவங்க படத்துக்குக் கீழே உக்காந்து குழந்தைங்க எப்படி வாசிச்சுதோ."

பியானோவின் பக்கத்தில் ஒரு மரப் பெட்டி இருந்தது. சர்வேயர் அனுமதி கேட்டுத் திறந்தார். நாற்பதுக்கும் மேற்பட்ட படங்கள், எந்த வரிசையும் இல்லாமல் நெருக்கி அடுக்கியிருந்தன. அவற்றின்மேல் மூன்று படங்கள் மட்டும் குறுக்கே கிடந்தன. மெண்டல்சன், செர்னி, ஹாண்டல். சுவரோடு இருந்த புத்தக அலமாரியில் பன்னிரண்டு தொகுதி இசைக் கலைக்களஞ்சியம், பல வருஷம் யாரும் தொடாத தூசியோடு நின்றது. கடைசித் தொகுதியின் முதுகில் மட்டும் தூசி இல்லை. சர்வேயர் அதை உருவி, பின்னாலிருந்த பட்டியலைப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தார்.

"ஞாயித்துக்கிழமை காலைல நீங்க கிளம்பும்போது அம்மா என்னம்மா பண்ணிட்டிருந்தாங்க?" என்று மகளைக் கேட்டார்.

"ஸ்டூல் மேல நின்னு படம் மாட்டிட்டிருந்தாங்க."

"எத்தனை மாட்டியிருந்தாங்க?"

"மூணு மாட்டியாச்சு. கடைசிப் படத்தைக் கையில வச்சிருந்தாங்க."

"எங்கே போனீங்க?"

"மார்க்கெட்டுக்கு. அப்புறம் ஒரு சிநேகிதியைப் பார்த்துட்டு வர ஏழு மணி ஆயிடுச்சு."

மகன் குறுக்கிட்டார். "நான்கூட பன்னெண்டு மணிக்கு அம்மாவுக்குப் போன் பண்ணேன் சார். ஒண்ணாந்தேதி ஆனா கண்டிப்பா பண்ணுவேன். எடுக்கல. உடனே அக்கா மொபைலுக்குப் பண்ணேன். 'நான் இப்பதான் பத்து மணிக்குக் கிளம்பி வந்தேன், அம்மா ஸ்டூல் மேல நின்னுட்டிருந்தா, ஒண்ணாந்தேதி இல்லியா, எடுக்க மாட்டா'ன்னா."

"ஒண்ணாந்தேதி மட்டும்தான் பண்ணுவீங்களா?"

"வேலை சார்…" என்றார் மகன்.

சர்வேயர் எழுந்து முழங்கால் தூசியைத் தட்டினார். "மாப்ள, கீழே போய் ட்யூனரைக் கூட்டிட்டு வா."

"அந்த ஆள் இந்த வீட்டுக்குள்ள காலை வைக்கக் கூடாது!"

"அஞ்சு நிமிஷம் வைக்கட்டும். அப்புறம் நீங்களே முடிவு பண்ணுங்க."

ட்யூனர் தலையைக் குனிந்துகொண்டு வந்தார். மகன் முறைத்த முறைப்பில் கதவருகிலேயே நின்றார். சர்வேயர் எதுவும் கேட்கவில்லை. பழக்க தோஷத்தில் ட்யூனரின் கண் பியானோவின் மேல் போயிற்று, அங்கிருந்து சுவருக்குப் போயிற்று, அங்கேயே நின்றுவிட்டது.

"இது என்னங்க," என்றார். தன் பழியெல்லாம் அந்த ஒரு நொடி மறந்துபோன குரல். "ஷோப்பான் இங்க என்ன பண்றாரு? போன மாசத்துக்காரராச்சே. ரக்மானினோவ் எங்கே?"

மகள் மெதுவாகப் பியானோ பெஞ்சில் உட்கார்ந்தார்.

"கேட்டீங்களா?" என்றார் சர்வேயர். "உள்ளே வந்து அரை நிமிஷம் ஆகல. டீச்சரம்மா கிட்ட படிச்ச எந்தப் பிள்ளையைக் கூட்டிட்டு வந்தாலும் இதேதான் சொல்லும். ஏன்னு நீங்களே சொல்லுங்க ட்யூனர்."

"அம்மாவோட கணக்கு அப்படிங்க. குழந்தை பொறந்தப்ப அந்த ஊர்ல என்ன தேதி எழுதினாங்களோ அதுதான் தேதி. ஷோப்பானுக்குக் கோயில் பதிவேட்டுல பிப்ரவரி இருபத்திரண்டு. அதனால அவரு பிப்ரவரிச் சுவத்துலதான் தொங்குவாரு. ரக்மானினோவ் பொறந்தப்ப அவங்க நாட்டுல பழைய காலண்டர், மத்தவங்களைவிட பன்னெண்டு நாள் பின்னாடி. ஊர் உலகத்துக்கெல்லாம் ஏப்ரல் ஒண்ணு, அவங்க வீட்டுல மார்ச் இருபது. 'அவன் அம்மாவுக்கு வலி எடுத்த அன்னிக்கு அவ வீட்டுக் காலண்டர்ல என்ன தேதியோ அதுதான்டா தேதி'ம்பாங்க. மார்ச்சுல நாலாவது ஆணி எப்பவும் அவருக்குத்தான்."

சர்வேயர் நாலாவது ஆணியிலிருந்து ஷோப்பானை எடுத்துத் திருப்பினார். சட்டத்தின் பின்பக்கம், பென்சிலில், டீச்சரின் கூரான எழுத்து: பிப்ரவரி 22. பதிவேட்டின்படி.

"அம்மா செத்தாலும் இவரை மார்ச்சுல மாட்டியிருக்க மாட்டாங்க. ஆக, இந்தச் சுவரை மாத்தினது அவங்க இல்ல. கலைக்களஞ்சியத்துக் கடைசித் தொகுதியில மாச வாரியா பிறந்தநாள் பட்டியல் இருக்கு. அதுல ஷோப்பான் மார்ச் ஒண்ணு, ரக்மானினோவ் ஏப்ரல் ஒண்ணு. அந்தப் புத்தகத்துல மட்டும்தான் தூசி இல்ல. மாத்தினவங்க அதைப் பார்த்துத்தான் மாத்தியிருக்காங்க. பிப்ரவரிப் படம் நாலையும் கழட்டிப் பெட்டியில போட்டுட்டு, பட்டியலைப் பார்த்து, கழட்டின ஷோப்பானையே மறுபடியும் எடுத்து மாட்டியிருக்காங்க. மிச்சம் மூணும் பெட்டிக்குள்ள மேலாப்பல அப்படியே கிடக்கு."

"அத்தான்!" என்றார் மச்சினன்.

"இப்ப ஸ்டூல். இந்தக் காலெல்லாம் வெளிப்பக்கம் அகண்டு நிக்குது பாருங்க. மேலே ஆள் நின்னு பாரம் தாங்காம உடைஞ்சா, கால் இன்னும் வெளியேதான் விரிஞ்சு ஒடியும். இது உள்பக்கமா ஒடிஞ்சிருக்கு. படுக்க வச்சு யாரோ மிதிச்சிருக்காங்க. தொண்ணூறு கிலோ ஏறி இறங்கினதுக்கு மத்த மூணு காலும் ஒரு இழைகூட ஆடல."

"அப்ப நான் உடைக்கலையா சார்?" என்றார் ட்யூனர்.

"நீங்க உடைக்கல."

"நிச்சயமாங்களா?"

"நிச்சயமா. நீங்க பல்பு மாத்தினீங்க. அவ்வளவுதான்."

மகன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப எங்கம்மா ஒண்ணாந்தேதி ஏறவே இல்லையா? பின்னே எப்ப…" என்று ஆரம்பித்தவர் அக்காவைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"ஒண்ணாந்தேதி காலைல அவங்க உயிரோட இருந்திருந்தா சுவரைச் சரியா மாத்தியிருப்பாங்க. மாத்தல. அப்ப அதுக்கு முன்னாடியே போயிருக்கணும்," என்றார் சர்வேயர். குரலில் வெற்றி எதுவும் இல்லை. "கூட இருந்தவங்களுக்கு அது உடனே தெரிஞ்சிருக்கும். தெரியலைன்னா, அவங்க கூட இல்ல. வெள்ளிக்கிழமை மத்தியானம் சக்கரம் வச்ச பையோட ஒருத்தர் இந்த வழியா வெளியே போனாங்க. அதுக்காக ட்யூனர் ஸ்டூல்லேருந்து இறங்கி வழி விட்டாரு. எப்பம்மா திரும்பி வந்தீங்க?"

மகள் பியானோ மூடியின்மேல் இரண்டு கைகளையும் விரித்து வைத்து, அவற்றையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"ஞாயித்துக்கிழமை ஏழு மணிக்கு. வெளியில இருந்தப்பதான் இவன் போன் பண்ணான். எங்க இருக்கேன்னு சொன்னா, அம்மாவைத் தனியா விட்டுட்டா போனேன்னு குதிப்பான். அதான் மார்க்கெட்னு சொன்னேன். ஒண்ணாந்தேதியாச்சே, ஸ்டூல் மேலதான் நிப்பான்னு வாய்ல வந்ததைச் சொன்னேன். வீட்டுக்கு வந்தா…" நிறுத்தி மூச்சு வாங்கினார். "ஹால்ல, போனுக்குப் பக்கத்துல கிடந்தா. வழுக்கி விழுந்திருக்கா. போனை மேஜையிலேருந்து கீழே இழுத்து வச்சிருந்தா. சொன்ன பொய்யை எப்படித் திருப்பி வாங்கறது? பத்து மணிக்குப் பார்த்தேன்னு சொல்லிட்டேனே. நான்தான் தூக்கிட்டு வந்து இங்க போட்டேன். அவ்வளவு லேசா இருந்தா. படத்தை மாத்தினேன். நாப்பது வருஷம் விழாதவ இன்னிக்கு ஏன் விழுந்தான்னு இவன் கேப்பான்னு ஸ்டூலை மிதிச்சேன். யார் உடைச்சதுன்னு கேட்டான். உங்க பேரைச் சொன்னேன்." கடைசி வாக்கியம் ட்யூனருக்கு. அப்போதும் தலை நிமிரவில்லை.

"எங்கே போயிருந்தே அக்கா?" என்றார் மகன்.

"எங்கேயும் இல்ல. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு லாட்ஜ்ல ரூம் எடுத்துத் தூங்கினேன். ரெண்டு நாள். பதினோரு வருஷத்துல நான் தூங்கின தூக்கம் அதுதான். சனிக்கிழமை பதினோரு மணிக்கு அம்மா போன் பண்ணா. ஏழு தடவை பண்ணா."

"ஏழு தடவை அடிச்சும் எடுக்கலையா? நீயெல்லாம் ஒரு பொண்ணா?"

"பார்த்தேன். எடுக்கல. கண்ணாடியைக் காணோம்னாலும் ஏழு தடவைதான் பண்ணுவா, பேனாவைக் காணோம்னாலும் ஏழு தடவைதான் பண்ணுவா. நான் எத்தனை தடவை ஓடி வந்திருக்கேன்னு உனக்குத் தெரியுமாடா? ஒரு தடவை வரல. அந்த ஒரு தடவைதான்…"

மகன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திட்டவும் முடியவில்லை, ஆறுதல் சொல்லவும் முடியவில்லை. மாதம் ஒரு போன் செய்கிறவனுக்கு அந்த இரண்டுக்கும் உரிமை கொஞ்சம் கம்மிதான்.

"நான் எழுதிக் குடுக்கறதா சொன்னேன்," என்றார் சர்வேயர் அவரிடம். "நான் எழுத வேண்டாம். நாப்பத்தோரு வீட்டுக்கும் போன் பண்ணினது நீங்க. இன்னிக்கே திரும்பவும் பண்ணுங்க. ஸ்டூல் இவர் உடைக்கலைன்னு சொன்னா போதும். டாக்டர்கிட்ட உண்மையை உங்கக்கா சொல்லட்டும். மத்தது உங்க குடும்ப விஷயம்."

மகன் தலையசைத்தார்.

மச்சினனுக்கு ஒரு சந்தேகம் மட்டும் அரித்துக்கொண்டே இருந்தது. கேட்கக்கூடாத நேரத்தில் கேட்பதுதான் அவருடைய பிறவிக் குணம். "ஏம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. தெருப் பிள்ளைங்களுக்கெல்லாம் தெரிஞ்சிருக்கு, இதே வீட்டுல பொறந்து வளர்ந்தவங்க நீங்க. போன மாசம் யாரு தொங்கினாருன்னுகூடவா தெரியாது? கழட்டினப்ப முகத்தைப் பார்க்கலையா?"

மகள் முதல் முறையாகச் சிரித்தார். பார்க்கச் சகிக்காத சிரிப்பு.

"ஏழு வயசுலேருந்து பத்து வருஷம் தினம் ரெண்டு மணி நேரம் இந்தப் பெஞ்சுலதான் உக்காந்தேன். கண்ணு கட்டையை விட்டு நகரக் கூடாது. தலை நிமிர்ந்தா முட்டியில ஸ்கேல் விழும். மத்த பிள்ளைங்களுக்குப் பாடம் முடிஞ்சதும் படத்தைக் காட்டிக் கதை சொல்லுவா. எனக்குச் சொன்னதில்ல. நீ வீட்டுப் பிள்ளைதானே, அப்புறம் பார்த்துக்கலாம்பா." விரல்களை மடக்கிக்கொண்டார். "வாசிக்கறதை விட்டும் முப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு. இந்த ரூமுக்குள்ள வந்தா இப்பவும் தலை நிமிராது. கழட்டினப்பகூட ஆணியைத் தடவித்தான் கழட்டினேன்."

கதவை நோக்கித் திரும்பிய ட்யூனரை மகள் கூப்பிட்டார்.

"ஒரு நிமிஷம். நீங்க சொல்லுங்க. இதுல யார் யாரு? எந்த மாசத்துக்கு யாரு?"

கேட்டுவிட்டுத் தலையை நிமிர்த்திச் சுவரைப் பார்த்தார். கழுத்து அந்த வேலைக்குப் பழக்கமில்லாதது போல மெதுவாக நிமிர்ந்தது. ட்யூனரும் பார்த்தார். மூன்று பேர் தொங்கிக்கொண்டிருந்தார்கள், நாலாவது ஆணி காலியாக இருந்தது. நாற்பத்தெட்டு பேரையும் அவருக்கு மனப்பாடமாகத் தெரியும். ஒவ்வொருவரைப் பற்றியும் டீச்சரம்மா டீ கொடுத்துச் சொன்ன கதை தெரியும். உட்கார்ந்தால் சாயங்காலம்வரை சொல்லலாம்.

"எல்லாம் பின்னாடி எழுதியிருக்கும்மா," என்றார். "திருப்பிப் பார்த்துக்குங்க."

மூவரும் படியிறங்கினார்கள். பாதிப் படியில், மேலே பெட்டியிலிருந்து படங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பியானோ மூடியின்மேல் கவிழ்த்து வைக்கும் சத்தம் கேட்டது. முதலில் அதைக் கேட்டது ட்யூனர்தான். அவர் நிற்கவில்லை.